கேலக்ஸிக் கொத்துகளை எண்ணிக் கரும்பொருளின் அளவைக் கணிப்பது: முழுமையான வழிகாட்டி

இந்த வேலையை முதல்முறை தொடுகிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறார்கள். கொத்துகளின் பட்டியலை இறக்குவார்கள், ஒரு மார்க்கோவ் சங்கிலியை (அளவுருக்களை மாற்றி மாற்றிப் போட்டு, தரவோடு பொருந்தும் மதிப்புகளைத் தேடும் நிரலை) ஓடவிடுவார்கள், வாழைப்பழம் போல வளைந்த படம் வந்ததும் முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். என்னிடம் வந்த மாணவர் ஒருவரின் சங்கிலி மூன்று நாள் ஓடியது. விடையின் பிழைப்பட்டை ஊசி போல மெல்லியதாக இருந்தது. விடை மட்டும் எங்கோ போய் உட்கார்ந்திருந்தது. காரணம் ஒரே ஒரு ‘எச்’. அது எங்கே நுழைந்தது என்பது 4-ஆம் படியில் வரும்.

எடுத்துக்காட்டாக, நுண்ணலைப் பின்னணியை (பெருவெடிப்பின் எஞ்சிய ஒளியை) அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் 2015 கொத்து மாதிரியை வைத்துக்கொள்கிறேன். அதில் 439 கொத்துகள். பொதுவில் கிடைக்கிறது, மடிக்கணினியில் அடங்கும், தடுக்கி விழ வேண்டிய குழிகள் எல்லாம் அதிலேயே இருக்கின்றன.

1. எந்தக் கேள்வி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கொத்துகள் கரும்பொருளைப் பற்றி மூன்று வழிகளில் பேசும். எந்த நிறையில், எந்தத் தூரத்தில் எத்தனை கொத்துகள் என்று எண்ணினால், மொத்தப் பொருளின் பங்கான ஒமேகா-எம்மும் பொருள் எவ்வளவு திரண்டிருக்கிறது என்று சொல்லும் சிக்மா-8-உம் கிடைக்கும். கொத்துக்குள் வெப்ப வாயு எத்தனை பங்கு என்று அளந்தால் ஒமேகா-எம் மட்டும் கிடைக்கும். புல்லட் கொத்து (ஒன்றோடொன்று மோதிய இரண்டு கொத்துகள்) போன்ற மோதல்களைப் பார்த்தால், கரும்பொருள் தன்னோடு தானே மோதுகிறதா என்பதற்கு மேல்வரம்பு கிடைக்கும். அந்தக் கொத்திலிருந்து 2008-இல் வந்த வரம்பு, கிராமுக்கு சுமார் 1.25 சதுர சென்டிமீட்டர்.

மூன்றுக்கும் தரவு வேறு, பிழைகள் வேறு. இந்த வழிகாட்டி முதல் வழிக்கானது.

‘வெதுவெதுப்பான’ (துகள்கள் ஓரளவு வேகமாக ஓடும்) கரும்பொருளா ‘குளிர்’ (மெதுவாக நகரும்) கரும்பொருளா என்று இந்த எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முயலாதீர்கள். கொத்து என்பது சுமார் ஒரு கோடி கோடி (10^14) சூரிய நிறையும் அதற்கு மேலும். அந்த இரண்டு மாதிரிகளும் பிரிவது இதைவிடப் பல ஆயிரம் மடங்கு சிறிய ஹேலோக்களில் (கரும்பொருள் திரண்ட கட்டிகளில்). இங்கே அந்த வேறுபாடு தெரியாது.

இன்னொன்று. ஒமேகா-எம்மில் சாதாரணப் பொருளும் சேர்ந்திருக்கிறது. பிளாங்க் 2018 மதிப்புகளில் ஒமேகா-எம் 0.315, பேரியான்கள் (அந்தச் சாதாரணப் பொருள்) 0.049. கரும்பொருளுக்கு மிஞ்சுவது 0.266. கொத்து எண்ணிக்கை இந்தப் பிரிவினையைத் தானாகச் செய்து தராது. பேரியான் அளவை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும்.

2. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

பைத்தான் நிரல்மொழியும் அதன் வானியல் தொகுப்பான ஆஸ்ட்ரோபையும் ஓரளவு பழகியிருக்க வேண்டும். ஹேலோ கணக்குக்குக் கொலாசஸ் (Colossus), பவர் ஸ்பெக்ட்ரத்துக்கு (எந்த நீள அளவில் பொருள் எவ்வளவு திரண்டிருக்கிறது என்ற கணக்குக்கு) கேம்ப் (CAMB) அல்லது கிளாஸ் (CLASS), சங்கிலிக்கு எம்சி (emcee) அல்லது கோபாயா (Cobaya), படம் வரையக் கெட்டிஸ்ட் (GetDist). பழகும் கட்டத்தில் கேம்ப் வேண்டாம். ஐசன்ஸ்டைன்-ஹூவின் தோராயச் சூத்திரம் போதும், கணக்கு பல மடங்கு விரைவாக முடியும். பிழைகளைப் பிடித்து முடித்த பிறகு கேம்புக்கு மாறுங்கள்.

மென்பொருளைவிட முக்கியம் ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு என்ன, நிறை என்றால் எந்த நிறை, எந்த அண்டவியல் மதிப்புகளை வைத்து அது கணக்கிடப்பட்டது என்ற மூன்றையும் எழுதிவையுங்கள். இதை எழுதாமல் தொடங்கியவர்கள் எல்லாரும் பாதியில் நின்று திரும்பிப்போய் எழுதியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

3. பட்டியலோடு தேர்வுச் சார்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்

பிளாங்க் கொத்துகளைக் கண்டுபிடித்தது சுன்யாயெவ்-செல்டோவிச் விளைவின் மூலம். கொத்தின் சூடான வாயு நுண்ணலைப் பின்னணியில் விட்டுச்செல்லும் தடம் அது. முழுப் பட்டியலில் 1653 கண்டறிதல்கள் உள்ளன. அண்டவியலுக்கு எடுத்தவை 439 மட்டுமே. ஒரே தேடல் முறையில், சிக்னல்-இரைச்சல் விகிதம் 6-க்கு மேல், பால்வீதித் தூசு அதிகமுள்ள வானப் பகுதிகளை ஒதுக்கிவிட்டு எடுத்தவை.

புதியவர்கள் “1653 இருக்கிறதே, 439 எதற்கு” என்று கேட்பார்கள். காணாமல்போன கொத்துகள் எத்தனை என்று சொல்ல முடியாத பட்டியலை எண்ணிக்கைக்குப் பயன்படுத்த முடியாது. 1653-இல் மூன்று தேடல் முறைகளின் கண்டறிதல்கள் கலந்திருக்கின்றன. அங்கே அச்சிட்டிருக்கும் விகிதம் அவற்றில் ஏதோ ஒரு முறையினுடையது. ஒரே வரம்பு வைத்து வெட்டினாலும் வெட்டு ஒரே சீராக விழாது.

இந்தப் படியில் செய்ய வேண்டியது, ஒரு கொத்தின் சமிக்ஞை இவ்வளவு, வானத்தில் அதன் கோண அளவு இவ்வளவு, இருக்கும் இடம் இது என்றால் அது பட்டியலில் சேர்ந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு சார்பு எழுதுவது. பிளாங்க் வானத்தை ஒரே ஆழத்தில் பார்க்கவில்லை. கிரகண முனைகளுக்கு அருகே அதிக நேரம் பார்த்தது, அங்கே இரைச்சல் குறைவு. எனவே வானத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் இரைச்சலையும் தனியாக எடுக்க வேண்டும். சராசரி இரைச்சல் ஒன்றை வைத்து ஓட்டினால் வரம்புக்கு அருகிலிருக்கும் கொத்துகளின் கணக்கு கெடும். கொத்துகளில் பெரும்பாலானவை அந்த வரம்புக்கு அருகில்தான் குவிந்திருக்கின்றன.

சின்னக் குழி ஒன்று: செம்பெயர்ச்சி (ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு, தூரத்தைச் சொல்வது) தெரியாத கொத்துகளுக்குப் பட்டியலில் -1 என்று போட்டிருக்கும். அதை அப்படியே தூரக் கணக்கில் கொடுத்தால் நிரல் முணுமுணுக்காமல் ஏதோ ஒரு எண்ணைத் தரலாம். அவற்றை எறிந்துவிடவும் கூடாது. மொத்த எண்ணிக்கையில் அவையும் உண்டு. தெரிந்த கொத்துகளின் பரவலுக்கு ஏற்ப அவற்றைப் பகிர்ந்துவிடுவது வழக்கம்.

4. நிறை என்றால் எந்த நிறை?

கொத்துக்கு ஓரம் கிடையாது. சராசரி அடர்த்தி ஏதோ ஒரு அளவைத் தொடும் ஆரம்வரை எண்ணி, அதற்குள் இருப்பதை நிறை என்கிறோம். எம்-500 என்றால் பெரும்பாலும் மாறுநிலை அடர்த்தியை (அண்டவெளி தட்டையாக இருக்கத் தேவையான சராசரி அடர்த்தியை) போல 500 மடங்கு. எம்-200 என்றால் ஒருவருக்கு மாறுநிலை அடர்த்தியின் 200 மடங்கு, இன்னொருவருக்கு சராசரிப் பொருளடர்த்தியின் 200 மடங்கு. ஒரே கொத்துக்கு இந்தக் கடைசி நிறை எம்-500-ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாக வரலாம். கட்டுரையில் ‘எம்-200’ என்று மட்டும் பார்த்தால் நின்று தேடுங்கள்.

டிங்கர் குழுவின் 2008 நிறைச் சார்பை (எந்த நிறையில் எத்தனை ஹேலோக்கள் என்று சொல்லும் சூத்திரத்தை) பயன்படுத்துகிறவர்களுக்கு இங்கே இன்னொரு பொறி. அந்தச் சூத்திரம் சராசரிப் பொருளடர்த்தியை வைத்து எழுதப்பட்டது. நம் நிறையோ மாறுநிலை அடர்த்தியை வைத்தது. எனவே 500-ஐ அந்தச் செம்பெயர்ச்சியில் உள்ள ஒமேகா-எம்மால் வகுத்துத்தான் கொடுக்க வேண்டும். ஒமேகா-எம் இன்று 0.3 என்றால், செம்பெயர்ச்சி 0-இல் அது 1667. செம்பெயர்ச்சி 0.5-இல் ஒமேகா-எம் 0.59 ஆகிவிடுவதால் 846. சங்கிலி ஓடும்போது ஒமேகா-எம் ஒவ்வொரு அடியிலும் மாறுகிறது, எனவே இந்த எண்ணும் மாற வேண்டும். தொடக்கத்தில் ஒருமுறை கணக்கிட்டு மாறிலியாக வைத்துவிடுவது அடிக்கடி பார்க்கும் தவறு.

இப்போது அந்த ‘எச்’. அண்டம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலியை 100-ஆல் வகுத்தால் வருவது எச், சுமார் 0.7. கொலாசஸ் நிறையை ‘சூரிய நிறை வகுத்தல் எச்’ என்ற அலகிலும், எண் அடர்த்தியை ‘மெகாபார்செக் வகுத்தல் எச்’ என்ற அலகின் கன அளவுக்கும் தரும். ஆஸ்ட்ரோபை கன அளவைச் சும்மா மெகாபார்செக்கில் தரும். இரண்டையும் நேரடியாகப் பெருக்கினால் எண்ணிக்கை 0.7-இன் கனம் அளவுக்குத் தவறும், அதாவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நிறையில் மறந்தால் 43 சதவீதம். நிரலில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. சங்கிலியும் சமர்த்தாக ஒமேகா-எம்மையும் சிக்மா-8-ஐயும் இழுத்து, அந்த மூன்று மடங்கை எப்படியாவது சரிக்கட்டிவிடும். அந்த மாணவருக்கு நடந்தது இதுதான்.

இதற்கு நான் சொல்லும் பழக்கம்: நிரலின் வாசலிலேயே எச்-ஐ ஒழித்துவிடுங்கள். வெளியிலிருந்து வரும் எண் எதுவானாலும் உள்ளே நுழையும்போதே எச் இல்லாத அலகுக்கு மாற்றிவிட வேண்டும்.

5. எதிர்பார்க்கும் எண்ணிக்கையைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்

கோட்பாட்டுப் பக்கம் மூன்று துண்டுகள்: ஓர் அலகுக் கன அளவில் இந்த நிறையுள்ள ஹேலோக்கள் எத்தனை, அந்தச் செம்பெயர்ச்சியில் கன அளவு எவ்வளவு, அவற்றில் எத்தனை நம் கண்ணுக்குப் படும். மூன்றையும் பெருக்கி நிறைக்கும் செம்பெயர்ச்சிக்கும் தொகையிட்டால் எண்ணிக்கை.

சங்கிலிக்குப் போகும் முன், ஒரே ஒரு அளவுருத் தொகுப்புக்கு இதைப் போட்டு, வெளியான கட்டுரையில் உள்ள வளைவோடு ஒப்பிடுங்கள். சில சதவீதத்துக்குள் பொருந்தாவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

நியூட்ரினோக்களுக்கு நிறை கொடுத்தால் ஒரு கவனம். ஹேலோ நிறைச் சார்புக்குள் போகும் பவர் ஸ்பெக்ட்ரம், கரும்பொருளும் பேரியானும் மட்டும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். நியூட்ரினோக்கள் வேகமாக ஓடுவதால் ஹேலோக்களில் ஒழுங்காகத் திரள்வதில்லை.

6. சமிக்ஞையிலிருந்து நிறைக்கு: உண்மையான வேலை இங்கேதான்

உங்கள் நேரத்தில் பாதியை இந்தப் படிக்கு ஒதுக்குங்கள். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 439 கொத்துகளின் எண்ணிக்கைப் பிழை அதன் வர்க்கமூலம், 21. அதாவது 5 சதவீதம். பெரிய நிறைப் பக்கம் ஹேலோ எண்ணிக்கை செங்குத்தாக விழுகிறது. நிறையில் 10 சதவீதம் தவறினால் எண்ணிக்கையில் சுமார் 30 சதவீதம் தவறும். இன்னும் ஆயிரம் கொத்துகளைச் சேர்த்தாலும் இந்த 30 அசையாது. நிறையின் அளவுகோலைச் சரிசெய்தால் மட்டுமே அசையும்.

பட்டியலிலேயே நிறை என்று ஒரு நெடுவரிசை இருக்கும். அதை எடுத்து நேராக லைக்லிஹுட்டில் (கோட்பாடு சரியென்றால் இந்தத் தரவு வர எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கில்) போடாதீர்கள். அது ஏற்கெனவே ஒரு அண்டவியலையும் ஒரு சமிக்ஞை-நிறை உறவையும் வைத்துக் கணக்கிட்டது. அதை வைத்து அண்டவியலைக் கண்டுபிடிப்பது, கேள்வித்தாளுக்குள்ளேயே விடையை வைத்துத் தேர்வு எழுதுவது போல. கோட்பாட்டை சமிக்ஞைவரை இறக்கிக் கொண்டுவந்து, அளந்த சமிக்ஞையோடுதான் ஒப்பிட வேண்டும்.

அந்த உறவில் நான்கு எண்கள் வேண்டும்: உயரம், சரிவு, செம்பெயர்ச்சியோடு மாறும் விதம், சிதறல். பிளாங்க் பயன்படுத்திய உறவில் சரிவு 1.79, சிதறல் சுமார் 17 சதவீதம். உறவின் உயரத்தை நிர்ணயித்தது எக்ஸ் கதிர் நிறைகள். அவை வாயு அமைதியாக ஈர்ப்போடு சமநிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டவை. கொத்துக்குள் வாயு அவ்வளவு அமைதியாக இருப்பதில்லை. கொந்தளிப்பும் ஒரு பங்கு அழுத்தத்தைத் தாங்குகிறது. எனவே இப்படி அளந்த நிறை உண்மையைவிடக் குறையும். எத்தனை பங்காகக் குறைகிறது என்பதே ‘ஒன்று கழித்தல் பி’.

இந்த ஒரே எண்ணில்தான் விடை முழுவதும் தொங்குகிறது. ஈர்ப்பு வில்லை விளைவை (கொத்தின் ஈர்ப்பு பின்னணி கேலக்ஸிகளின் ஒளியை வளைப்பதை) வைத்து அளந்த இரண்டு குழுக்களில் ஒன்று 0.69, பிழை 0.07 என்றது. மற்றொன்று 0.78, பிழை 0.09. நுண்ணலைப் பின்னணி சொல்லும் அண்டவியலோடு கொத்து எண்ணிக்கை முழுமையாகப் பொருந்த வேண்டுமானால் 0.58 வேண்டும். இந்த எண் குறைந்தால், அதே சமிக்ஞைக்கு உண்மையான நிறை கூடுகிறது. அவ்வளவு பெரிய கொத்துகள் அரிதாகத்தான் இருக்க வேண்டும். அரிதானவை இத்தனை தெரிகின்றன என்றால் பொருள் இன்னும் கூடுதலாகத் திரண்டிருக்க வேண்டும். எனவே சிக்மா-8 மேலே போகும்.

ஆகவே இந்த எண்ணை 0.8 என்று ஆணி அடித்து நிறுத்தாதீர்கள். ஈர்ப்பு வில்லை அளவீட்டை அதன் பிழையோடு முன் அனுமானமாகக் கொடுத்து, சங்கிலியில் சுதந்திரமாக விடுங்கள். பிழைப்பட்டை அகலமாகும். உங்கள் ஆசிரியருக்கு அது பிடிக்காமல் போகலாம். ஆனால் நேர்மையான அகலம் அதுதான்.

அடுத்தது சிதறல். ‘சிதறல் என்பது வெறும் இரைச்சல், சராசரியில் கரைந்துவிடும்’ என்ற எண்ணம் பரவலாக உண்டு. கரையாது. சிறிய கொத்துகள் அதிகம், பெரியவை குறைவு. ஆகவே மேலே சிதறிப் பெரிதாகத் தெரியும் சிறியவை, கீழே சிதறிய பெரியவற்றைவிட எப்போதும் அதிகம். ஒரு மடக்கை நிறை அலகுக்கான எண்ணிக்கை நிறையின் மூன்றாம் அடுக்காகக் குறைகிறது, நிறைச் சிதறல் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 3 பெருக்கல் 0.2-இன் வர்க்கம், அதாவது 0.12. உங்கள் கண்ணுக்குத் தெரியும் நிறை சராசரியாக 12 சதவீதம் மிகை. மேலே சொன்ன கணக்கில் இது எண்ணிக்கையை என்ன செய்யும் என்று நீங்களே பார்க்கலாம். சிதறலை உறவுக்குள் மடக்கைப் பரவலாக வைத்துத் தொகையிட்டால் இந்தப் பிழை தானாகச் சரியாகும். பின்னால் ஒரு திருத்தமாக ஒட்டவைத்தால் பெரும்பாலும் இருமுறை திருத்திவிடுவீர்கள்.

ஈர்ப்பு வில்லை நிறையும் தானாகத் தூய்மையானதல்ல. கொத்தின் சொந்த கேலக்ஸிகள் பின்னணி கேலக்ஸிகளோடு கலந்துவிட்டால் சமிக்ஞை நீர்த்துப்போகும். மையத்தைத் தவறான இடத்தில் வைத்தாலும் அப்படியே. கேலக்ஸி எண்ணிக்கையை வைத்துக் கொத்தைத் தேர்ந்தெடுத்தால் சிக்கல் இன்னும் கூடும். பார்வைக் கோட்டில் நீண்டிருக்கும் கொத்துகள் கேலக்ஸி எண்ணிக்கையிலும் தூக்கலாகத் தெரியும், ஈர்ப்பு வில்லையிலும் தூக்கலாகத் தெரியும். டார்க் எனர்ஜி சர்வேயின் முதலாண்டுக் கொத்து ஆய்வு 2020-இல் எஸ்-8-க்கு (சிக்மா-8-ஐயும் ஒமேகா-எம்மையும் சேர்த்த ஒரே எண், 10-ஆம் படியில் வரும்) 0.65 என்ற மிகக் குறைந்த மதிப்பைத் தந்தது. 6500-க்கு மேல் கொத்துகள், நல்ல தரவு, திறமையான குழு. அவர்களே முடிவில் சொன்னது, கேலக்ஸிகள் குறைவாக உள்ள சிறிய கொத்துகளின் ஈர்ப்பு வில்லைச் சமிக்ஞையை மாதிரி சரியாகப் பிடிக்கவில்லை, புதிய இயற்பியல் என்று முடிவு கட்ட இடமில்லை என்பதே.

7. லைக்லிஹுட்: பாய்ஸான், கை-வர்க்கம் அல்ல

செம்பெயர்ச்சியை 0.1 அகலக் கட்டங்களாகப் பிரித்தால், தொலைவில் உள்ள கட்டங்களில் ஒன்றோ இரண்டோ, சிலவற்றில் பூஜ்யமோ இருக்கும். கை-வர்க்கத்தில் (வித்தியாசத்தைப் பிழைப்பட்டையால் வகுத்து, வர்க்கித்துக் கூட்டும் முறையில்) பிழைப்பட்டையாக எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போட்டால் பூஜ்யக் கட்டத்தில் பூஜ்யத்தால் வகுக்க வேண்டியிருக்கும். உடனே அந்தக் கட்டத்தைத் தூக்கிவிடுவார்கள். ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்பதும் ஒரு அளவீடு. சிக்மா-8 அதிகமாக இருக்க முடியாது என்று சொல்லும் அளவீடு. சிறிய எண்ணிக்கைகளுக்கும் பொருந்தும் பாய்ஸான் லைக்லிஹுட் அதைத் தானாகக் கணக்கில் எடுக்கும்.

சிக்னல்-இரைச்சல் விகிதத்திலும் கட்டம் பிரித்தால் இன்னும் தகவல் கிடைக்கும். முதலில் செம்பெயர்ச்சியில் மட்டும் ஓட்டுங்கள், பிழை தேட எளிது.

8. போலி வானத்தில் ஓட்டிப் பாருங்கள்

ஒமேகா-எம் 0.3, சிக்மா-8 0.8 என்று நீங்களே வைத்து, அதிலிருந்து ஒரு கொத்துப் பட்டியலை உருவாக்குங்கள். சிதறல், தேர்வு எல்லாம் சேர்த்து. பிறகு அதை உண்மைத் தரவு போலவே நிரலுக்குக் கொடுங்கள். வைத்ததே திரும்பி வர வேண்டும்.

ஒரே ஒரு போலி போதாது. 20 செய்யுங்கள். தோராயமாக 14 முறை உண்மை மதிப்பு 68 சதவீத எல்லைக்குள் விழ வேண்டும். 20-உம் விழுந்தால் உங்கள் பிழைப்பட்டை மிகை, 5 மட்டும் விழுந்தால் குறை.

ஒரு எச்சரிக்கை. போலியை உருவாக்கும் நிரலும் ஆராயும் நிரலும் ஒரே அலகுப் பிழையைப் பகிர்ந்துகொண்டால், சோதனை அழகாகத் தேறிவிடும். முடிந்தால் போலியை இன்னொருவர், வேறு மென்பொருளில் செய்யட்டும்.

9. இப்போது சங்கிலி

கொத்துத் தரவு ஹபிள் மாறிலியையும் தொடக்ககால அடர்த்தி ஏற்ற இறக்கங்களின் ஸ்பெக்ட்ரச் சரிவையும் தனியாகப் பிடிக்காது. அவற்றுக்கும் பேரியான் அளவுக்கும் வெளியிலிருந்து முன் அனுமானம் தேவை. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுதிவையுங்கள். நுண்ணலைப் பின்னணியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பிறகு ‘கொத்துகள் நுண்ணலைப் பின்னணியோடு ஒத்துப்போகின்றன’ என்று எழுதினால் அது வட்டவாதம்.

எம்சி என்றால் சங்கிலியின் நீளம் தன்தொடர்பு நேரத்தை (சங்கிலி தன் பழைய இடத்தை மறக்க எடுக்கும் அடிகளை) போல 50 மடங்காவது இருக்கட்டும். பல தனிச் சங்கிலிகள் என்றால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று சொல்லும் கெல்மன்-ரூபின் அளவு 1-ஐ விட்டு 0.01-க்கு மேல் விலகாமல் இருக்கட்டும். படம் வழவழப்பாக இருப்பது ஒருங்கியதற்கு அடையாளம் அல்ல.

ஓடும்வரை ஒமேகா-எம், சிக்மா-8 அச்சுகளின் எண்களை மறைத்துவையுங்கள். விடை தெரிந்துவிட்டால், அது பழகிய மதிப்புக்கு அருகில் வரும்வரை தவறு தேடுவோம், வந்ததும் தேடுவதை நிறுத்திவிடுவோம். எனக்கும் இந்தக் குணம் உண்டு.

10. விடையைப் படிப்பது

ஒமேகா-எம்மும் சிக்மா-8-உம் தனித்தனியாக அகலமாகவும், இரண்டும் சேர்ந்த எஸ்-8 குறுகலாகவும் வரும். மற்றவர்களோடு ஒப்பிடும் முன் எஸ்-8-இன் வரையறையைப் பாருங்கள். ஒமேகா-எம் வகுத்தல் 0.3 என்பதன் அடுக்கு சிலருக்கு 0.5, சில கொத்துக் கட்டுரைகளில் 0.25 அல்லது 0.3. அடுக்கு வேறானால் ஒப்பீடு அர்த்தமற்றது.

மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும். 2024-இல் இரோசிட்டா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி 5259 கொத்துகளிலிருந்து ஒமேகா-எம் 0.29, சிக்மா-8 0.88 என்றது. அதே ஆண்டில் தென்துருவத் தொலைநோக்கியின் 1005 கொத்துகள் 0.286, 0.817 என்றன. நுண்ணலைப் பின்னணி 0.315, 0.811. உங்கள் விடை இவற்றுக்கு நடுவில் விழுந்ததால் சரி என்று ஆகிவிடாது.

தனியாக ஒரு சோதனை போடலாம். ஒமேகா-எம் 0.2 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேரியான் 0.049 என்றால் பொருளில் கிட்டத்தட்ட கால் பங்கு பேரியானாக இருக்க வேண்டும். பெரிய கொத்துகள் அண்டத்தின் இந்த விகிதத்தை ஏறக்குறைய அப்படியே பிடித்துவைத்திருக்கும். ஆனால் அவற்றில் அளந்த வாயு சுமார் எட்டில் ஒரு பங்குதான். நட்சத்திரங்களைச் சேர்த்தாலும் கால் பங்கை எட்டாது. அப்படி வந்தால் சங்கிலியைத் தொடாமல் 6-ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள். அதற்கும் முன்னால், 4-ஆம் படியில் அந்த ‘எச்’ இருக்கிறதா என்று பாருங்கள்.